ஜெல் உறையாத நாட்கள்

ஹட்டன் பிரதான வீதியில், துணிக்கடைக்கு மேல்மாடியில் நஸாரின் அறை. துப்பறிவாளர் என்று பலகை ஒன்றும் கிடையாது. தேவைப்பட்டவர்கள் எப்படியோ விசாரித்துக்கொண்டு ஏறி வந்துவிடுவார்கள். அன்று வந்தவள் பூரணி. நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் ஆராய்ச்சிய யாரோ கெடுக்கிறாங்க சேர். பழி எங்க உதவியாள் ஆண்டியப்பன் அண்ணன் தலையில விழுந்திருக்கு. வர்ற வெள்ளிக்கிழமையோட அவரை வேலையில இருந்து நிப்பாட்டப் போறாங்க. அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லங்க."

நஸாரின் உதவியாளர் வினோதா அவசரமாகக் கதிரையை இழுத்துப் போட்டாள். வழக்கென்று ஒன்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கத்தாரில் வேலை செய்யும் காதலன் திலக்ஷனின் அழைப்பு வராத நாள் என்றால் கேட்கவே வேண்டாம். அன்றும் வந்திருக்கவில்லை.

"என்ன ஆராய்ச்சி மகள்?" என்றார் நஸார்.

"வெயில் காலத்துல தேயிலைச் செடிக்குள்ள ஒரு மரபணு முழிச்சுக்குதுங்க. அதைப் படியெடுத்து செடி ஒரு புரதம் செய்யுது. அந்தப் புரதத்தைப் பிரிச்சுப் பாக்கத்தான் ஜெல். ரெண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவுல கலவைய ஊத்தினா அது உறையணும். போன மாசத்துல இருந்து சில நாள் உறையுது, சில நாள் கஞ்சி மாதிரியே கெடக்கு. அந்த நாள்லயெல்லாம் பக்கத்துல இருக்கிற சவர்க்காரக் கரைசல்லயும் வெள்ளையாத் தூள் கெடக்குது. கொழும்புக்கு அனுப்பினா, சுத்தமா இருக்குன்னு பதில் வருது."

"எப்ப ஊத்துவீங்க?"

"ரயில் போனதும் ஊத்துவேன்."

நஸார் தலையை ஆட்டினார்.

தலவாக்கலைக்கு மேலே, மூன்று மலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்தது அந்தத் தனியார் ஆய்வுக்கூடம். பொறுப்பாளர் நிரஞ்சன் கறாரான மனிதர்.

"போத்தல்களை எடுத்து வைக்கிறது ஆண்டியப்பன். தூள் விழுந்தா வேற யார் போட்டிருப்பா? தொழிற்சாலைச் சங்கு ஊதறதுக்கு முந்தியே எல்லாத்தையும் வச்சிருவாரு."

ஆண்டியப்பன் வாயே திறக்கவில்லை. சுவரோரமாக நின்று கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வினோதாவின் கண் போனதோ ஷாமிலாவின் மேல். அவளும் அதே அறையில்தான் வேலை செய்கிறாள். டிஎன்ஏயைப் பிரிக்கும் ஜெல் அவளுடையது.

"உங்க ஜெல் ஒருநாளும் கெடலியா?" என்றாள் வினோதா.

"இல்லயே. தேத்தண்ணி குடிக்கப் போறதுக்கு முந்தி காய்ச்சி ஊத்துவேன். திரும்பி வர்றப்ப கல்லு மாதிரி நிக்கும்."

வெளிநாட்டுப் படிப்புக்கு இருப்பது ஒரே இடம். பூரணியும் ஷாமிலாவும் அதற்கு விண்ணப்பித்திருந்தார்கள். கள்ளியைப் பிடித்தாயிற்று என்று வினோதா மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

அப்போது கீழே ரயிலின் ஊதல் கேட்டது. ஏதோ சொல்லிக்கொண்டிருந்த பூரணி பாதி வாக்கியத்தில் நின்றுபோனாள். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான், "என்ன சொன்னேன்?" என்றாள்.

நஸார் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாம் பழைய பெயின்ட்டில் ஒட்டிக் கிடந்தன. பூரணியின் மேசைக்கு மேலிருந்த ஒன்று மட்டும் விரல் பட்டதும் திறந்துகொண்டது. அதன் கொக்கியை வினோதாவும் ஆட்டிப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தது.

"ஜெல் கெட்ட நாளுகளைக் கேட்டு எழுதிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போ. அந்த நாள்ல கடைசிப் பெட்டியில கார்டா வந்தது யாருன்னு விசாரி," என்றார் நஸார்.

ஜெல்லுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனவள், திரும்பி வந்தபோது அடங்கிப் போயிருந்தாள்.

"எல்லா நாளும் ஒரே ஆள்தான் நானா," என்றாள். நஸாரை அண்ணன் முறையில் அவள் அப்படித்தான் அழைப்பாள். "சுதாகரன்னு பேரு. போன மாசந்தான் கரையோர லைன்ல இருந்து மாறி வந்திருக்காரு."

வெள்ளிக்கிழமை காலை அதே அறையில் எல்லோரையும் கூட்டினார் நஸார். அன்றும் கரைசலில் வெண்மை படிந்திருந்தது. போத்தலை எடுத்துக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"நோன்பு நாள்ல எங்க வீட்டுல கடல்பாசி காய்ச்சுவாங்க. சூடு ஆற ஆற உறையும். ஷாமிலாவோட ஜெல்லும் அந்தப் பாசியில இருந்து வர்றதுதான். குளிர் அதுக்கு நல்லது. பூரணியோட ஜெல் வேற சாதி. மருந்தும் மருந்தும் சேர்ந்து, தன்னால பின்னிக்கிட்டு உறையுறது. அதுக்குக் குளிர் ஆகாது. ஒரே அறையில ஒண்ணு நிக்குது, ஒண்ணு கெடுது. அப்ப கெடுத்தது ஆள் இல்ல, குளிர்."

போத்தலை வெளியே எடுத்தார். கரைசல் கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது.

"தூளும் யாரும் போட்டதில்ல. குளிர்ல படியுது, சூட்டுல கரையுது. கொழும்புக்குப் போய்ச் சேர்றப்ப அங்க ஏது தூள்? இந்த ஜன்னல் கொக்கி தளர்ந்து போச்சு, காத்துல தெறந்திருக்கு. யார் மேலயும் குத்தமில்ல."

வினோதா திடுக்கிட்டாள். கொக்கி தளரவில்லை என்று அவளுக்குத் தெரியும். நானா பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

"ஜன்னலைப் பூட்டுறதும் ஆண்டியப்பன் வேலைதான். அப்ப அவரை நிப்பாட்டுறது சரிதானே?" என்றார் நிரஞ்சன்.

நஸார் பூரணியையே பார்த்தார்.

"கொக்கி நல்லாத்தான் இருக்கு," என்றாள் பூரணி. "நாந்தான் தெறந்தேன். கார்டா வர்றவரு என் வீட்டுக்காரர். வெளிநாட்டுப் படிப்பா, நானான்னு கேட்டாரு. கோவத்துல படிப்புன்னு சொல்லிட்டேன். பெட்டியைத் தூக்கிட்டுப் போனவருதான். இப்ப இந்த வழியாப் போறாரு. அவரைப் பாக்கணும் போல இருக்கு, அவ்வளவுதான். டியூட்டி நாள்ல விடிஞ்சு வந்ததும் தெறந்து வச்சிருவேன். வண்டி போனப்புறமும் மூட மனசு வராது."

"இவ்வளவு படிச்சிருக்கீங்க, குளிர்னு தெரியலியா?" என்றார் நிரஞ்சன்.

"தெரிஞ்சிருந்தா மூடணுமே சேர்."

நிரஞ்சன் ஆண்டியப்பனைப் பார்த்து, "நீங்க வேலையைப் பாருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார்.

பூரணி ஆண்டியப்பனிடம் போனாள். "உங்களுக்குத் தெரியுந்தானே அண்ணே? நான் தெறக்கிறதைப் பாத்திருப்பீங்களே. வேலை போகப் போகுதுன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அந்த ஜன்னல் தெறந்திருக்கிற நாள்லதான் நீங்க சிரிச்சுப் பேசுறீங்கம்மா," என்றார் ஆண்டியப்பன். "அதை எப்படிங்க காட்டிக் குடுக்கிறது?"

பூரணி அழுதாள். வெட்கப்படாமல், எல்லோர் முன்னாலும் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"எங்கம்மா போறீங்க?"

"ஸ்டேஷனுக்கு. இன்னைக்கு அவரு டியூட்டி."

"தலவாக்கலையில வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்? இத்தனை நாள் பேசாததை அதுக்குள்ள பேசிருவீங்களாக்கும்," என்று ஆண்டியப்பன் சிரித்தார்.

"பேச மாட்டேன் அண்ணே," என்றாள் பூரணி. "ஏறிருவேன்."