குற்றாலிங்கத்தின் விருந்தாளி

குற்றாலிங்கம் என்றதும் பெரிய மீசை வைத்த ஒருவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு வயது ஒன்றரை. மேலகரத்தில் உள்ள அவன் வீட்டில் எல்லோரும் சோற்றுக்கு அவன் வாய் எப்போது திறக்கும் என்றுதான் காத்துக் கிடந்தார்கள்.

போன மாதம் அங்கன்வாடியில் எடை பார்த்தபோது கொஞ்சமும் ஏறவில்லை. அடுத்த தடவையும் ஏறாவிட்டால் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டார்கள். அம்மா உமாராணிக்கு அன்றிலிருந்து ஒரே கவலை.

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக் குரங்குகள் மேலகரம் வரைக்கும் வரும். அதில் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து அவர்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் வந்து உட்காரும். அதைக் காட்டித்தான் அம்மா சோறு ஊட்டுவாள்.

"ஏலே, வாயைத் திற. இல்லன்னா குரங்குக்குக் குடுத்துருவேன்."

அவன் உதட்டை இறுக்கிக்கொள்வான். சொன்னபடி செய்யாவிட்டால் பயம் போய்விடுமே என்று அம்மா ஓர் உருண்டையைச் சுவரில் வைப்பாள். மறுபடி அதே மிரட்டல், அதே உருண்டை. கிண்ணம் காலியாகிவிடும். குரங்குக்கு எடை நன்றாகவே ஏறியிருந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மஞ்சு பக்கத்தில் நின்றாள். அம்மா குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சு தம்பியைப் பார்த்தாள். குரங்கு உருண்டையை எடுக்கும்போதெல்லாம் அவன் கை தட்டிச் சிரித்தான்.

"எம்மா, அவன் பயப்படவே இல்ல. குரங்கு சாப்பிடட்டும்னுதான் வாயை மூடிக்கிடுதான்" என்றாள்.

பசியோடு இருந்துகொண்டு யாராவது விருந்து வைப்பார்களா என்று அம்மா கேட்டாள். ஆனால் மஞ்சு இன்னொன்றையும் கவனித்திருந்தாள். குரங்கு அள்ளித் தின்னும்போது அவனும் வெறும் விரல்களை வாய்க்குக் கொண்டுபோனான்.

"குரங்குக்கு யாரும் ஊட்டி விடலல்லா? அவனும் எடுத்துத் திங்கட்டும்மா."

வீடெல்லாம் சோறாகிவிடும் என்று அம்மா தயங்கினாள். துடைப்பது தன் வேலை என்று மஞ்சு ஒப்புக்கொண்டாள்.

கதவைச் சாத்திவிட்டு, தம்பியின் கையைக் கழுவி, உள்ளே உட்கார வைத்தாள். அவன் முன்னால் ஒரு சின்னத் தட்டு. அதில் நெய் விட்டுக் குழையப் பிசைந்த பருப்புச்சோறு. தானும் அம்மாவும் பக்கத்திலேயே தட்டு போட்டுச் சாப்பிடுவது என்று ஏற்பாடு. அம்மா இரண்டு தடவை, "ஆ காட்டு" என்று ஆரம்பித்தாள். மஞ்சு கண்ணாலேயே அடக்கினாள்.

முதல் பிடி தலைக்குப் போனது. அடுத்தது மூக்குக்கு. அதற்கடுத்த பிடி எப்படியோ வழி கண்டுபிடித்து வாய்க்குள் போனது. பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை. தட்டை மட்டும் பார்த்தான்.

தட்டு காலியானதும் அதை இரண்டு கையாலும் தூக்கி அம்மாவிடம் நீட்டினான்.

"மம்மு" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா தன் சாப்பாட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சிரிப்பும் கண்ணீருமாக அடுக்களைக்கு ஓடினாள்.