கனலும் கரிச்சதுப்பு

வாசல் ஏணியின் கடைசிப் படி அன்று தரையைத் தொடவில்லை. நேற்று வரை தொட்டது. வீட்டுத் தூண்கள் அடியிலுள்ள களிமண் வரை இறங்கி நிற்பதால் வீடு அசையவில்லை; நிலம்தான் ஒரு சாண் கீழே போயிருந்தது. யுஸ்னிதார் தாவி இறங்கினாள். செருப்பையும் மீறிப் பாதம் சுட்டது.

நண்பகலிலேயே சூரியன் புகைக்குள் மங்கிச் சிவந்து கிடந்தது. எண்ணெய்ப் பனை வரிசைகளுக்குள் ஈர இலை வேகும் நாற்றமும், மண்ணுக்கடியில் ஏதோ ஒன்று மென்றுகொண்டே வருவது போன்ற நொறுநொறுப்பும் பரவியிருக்க, நோன்பு மாதம் பிறக்குமுன் கல்லறையில் ஊற்ற வேண்டிய பூநீரோடு அவள் தன் மகள் மெலூரிடம் போனாள். சதுப்பு எரிந்த போன புகைக்காலத்தில் மூச்சுத் திணறிச் செத்தவள். ஆறு வயது.

குழிமேட்டில் நீரை ஊற்றினாள். உஸ்ஸென்று ஆவியாகப் பறந்தது.

நெருப்பு இங்கேயும் வந்துவிட்டது.

தோட்டக் கங்காணி டார்மிசி பக்கத்து வடிகால் கால்வாய் மதகில் நின்றிருந்தான். தலைக்கு மேல் கம்பெனிப் பலகை: ‘இந்தப் பனைகள் காற்றின் கரியைச் சேமிக்கின்றன.’ ஆயிரமாயிரம் வருட இலைகள் மக்கிச் சேர்த்த கரியை, சதுப்பின் நீரை வடித்துக் காயவைத்து எரியவிட்டுப் புகையாக்கிவிட்டு, இப்படி எழுதியும் வைத்திருக்கிறார்கள்!

“மதகை அடைடா! தண்ணி ஏறட்டும். எம்பொண்ணு உள்ள வேகுறா.”

“அடைச்சா பனை வேர் அழுகும்க்கா. துரை என் தோலை உரிச்சிடுவாரு. செத்த புள்ளைக்குத் தண்ணி பாய்ச்சுனேன்னு சொல்லவா?”

“புகை படாம உம்புள்ளைய டவுனுக்கு அனுப்பிட்டேல்ல? இதுவும் பேசுவ, இன்னமும் பேசுவ.”

“நெருப்பு எப்பவோ அணைஞ்சாச்சு. எங்கயாச்சும் எரியுதா? வாங்க, மிதிச்சே காட்டுறேன்.”

மேலே சுவாலை இல்லாத சதுப்பு அடியில் அடுப்பாக இருக்கும். அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

அவன் குழிமேட்டின் மேலேயே ஏறி நின்று குதித்தான். மண் பொருக்கு உடைந்தது. முழங்கால் புதைந்தது. தொடை.

“அக்கா! கை குடுங்கக்கா!”

அவன் இடுப்பு வாரில் ஐந்து விரல்கள். சிறியவை. சதுப்புநீரில் ஊறிச் சாயத் தேநீரின் நிறம். நகம்கூடக் கருகவில்லை. அடுத்த குழியிலிருந்து இன்னொரு கை. அதற்கப்பால் இன்னொன்று. அதே புகைக்காலத்தில் செத்த பிள்ளைகள்.

அலறல். பிறகு அதுவும் இல்லை.

யுஸ்னிதார் மண்டியிட்டாள். மகளின் குழிக்குள் கையை நீட்டினாள். கனலுக்குள்ளிருந்து வந்த விரல்கள் ஈரமாக, சில்லென்று இருந்தன.

அவள் மணிக்கட்டைப் பற்றின.

இழுத்தன.