கண்ணாடியில் ஒரு முத்தம்

காலை எட்டு பத்து. தெசலோனிக்கியில் ஒரு தனியார் அருங்காட்சியகம். கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பசைத் தடத்தோடு வெறும் அட்டை. அதில் ஒட்டியிருந்த பாப்பிரஸ் நாணல்தாள் துண்டைக் காணோம்.

மாற்கு நற்செய்தியின் நாலு வரி இருந்த துண்டு அது. "இயேசு இறந்து முப்பதே வருஷத்துல எழுதினது, உலகத்துலயே பழசு" என்று பேராசிரியர் லியாக்கோஸ் மூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஸ்தமாத்தியா இன்னும் காபி குடிக்கவில்லை. அதனால் எல்லார் மேலும் எரிச்சல். குடித்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பாள். படித்த ஆம்பளைகள் இரண்டு பேர் ஒரு துணுக்குக்கு அடித்துக்கொள்ளும் வழக்கென்றால் கேட்கவே வேண்டாம்.

பதினொரு மணிக்கு விவாதம். லியாக்கோஸுக்கு எதிராக டாக்டர் தோலியாஸ். "முப்பது வருஷமாவது, கிழிச்சதாவது" என்று எழுதிவந்தவர். துண்டை அட்டையிலிருந்து பிரித்து, சபை முன்னால் பின்பக்கத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதற்காக வாசலுக்கும் பெட்டிக்குமான சாவிகள் இருவரிடமும் ஒவ்வொரு செட் இருந்தன. பூட்டு எதுவும் உடையவில்லை.

கண்ணாடி மூடியை ஸ்தமாத்தியா குனிந்து பார்த்தாள். பிசுபிசுவென்று ஒரு உதட்டுத் தடம். மேலுதடு, கீழுதடு இரண்டும் அச்சாகப் பதிந்திருந்தன.

"வர்றவங்க எல்லாம் சிலுவை போட்டு முத்தம் கொடுப்பாங்கம்மா, நற்செய்தியாச்சே" என்றார் காவலாளி கிரியாக்கோஸ். "சாயங்காலம் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டுத்தான் பூட்டுவேன். இன்னிக்கு வந்து பார்த்தா இந்தக் கூத்து."

"யாரும் தொடாதீங்க" என்றாள் அவள்.

எட்டு நாற்பது. லியாக்கோஸ் கொடுத்த புகாரில் தோலியாஸைக் கைவிலங்கோடு உட்கார வைத்திருந்தார்கள். வாயே தெரியாத அளவுக்கு நரைத்த மீசை.

"நேத்து ராத்திரி எங்க?"

"வீட்ல. பீன்ஸ் சூப் குடிச்சுட்டுப் படுத்தேன்."

"சாட்சி?"

"பூனை."

"ஜோக்கா?"

"அழுதா விடுவீங்களா மேடம்? என்னைத் துரத்த யுனிவர்சிட்டி ஏற்கெனவே சாக்கு தேடிட்டிருக்கு. திருட்டு கேஸ்னா வேலை போச்சு, பேரும் போச்சு. அதோட பின்பக்கத்தை ஒரு தடவை காட்டுங்கடான்னு மூணு வருஷமாக் கெஞ்சறவன் நான். நானே திருடுவேனா?"

கெஞ்சுகிறவன் திருடமாட்டான் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஸ்தமாத்தியா எழுந்து வெளியே போனாள்.

நடைபாதையில் லியாக்கோஸ் எதிரே வந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம். வாடைக் காற்றில் வெடித்த உதட்டுக்குக் களிம்பு தடவிக்கொண்டே, பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

"நான் நேத்து சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டேன் மேடம். இவனுக்கு வாதத்துல சரக்கு இல்ல, தூக்கிட்டான். நாத்திகப் பய..." சுவரில் மாதா படம் வந்தது. கை தானாகச் சிலுவை போட்டது, வாய் தானாக முத்தம் கொடுத்தது. "...பயலுக்கு வேற என்ன தெரியும்? உள்ள தள்ளுங்க!"

கட்டிடம் முழுக்கத் தேடியாயிற்று என்று இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து சொன்னார்கள். அவர்களும் மாதா படத்துக்கு முன் சிலுவை போட்டுவிட்டுத் தாண்டிப் போனார்கள். ஸ்தமாத்தியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பது நாற்பது. எல்லாரையும் நடைபாதைக்கு வரச் சொன்னாள்.

"நேத்து துடைச்ச கண்ணாடி. அதுக்கப்புறம் ஒருத்தன் வந்து, முத்தம் கொடுத்துட்டுத் திறந்திருக்கான். தோலியாஸ் சார் முத்தம் கொடுத்தா மீசைதான் பதியும், உதடு பதியாது. அதுலயும் களிம்போட. நேத்து சாயங்காலமே வீட்டுக்குப் போன உங்க உதடு ராத்திரி இங்க என்ன பண்ணுச்சு, பேராசிரியரே?"

"அபாண்டம்! என் பொருளை நானே திருடுவேனா?"

"பதினொரு மணிக்குப் பின்பக்கத்தை எல்லாரும் பார்த்துடுவாங்கன்னா திருடுவீங்க. அதை அட்டைல ஒட்டினதே நீங்கதானே? எச்சில் சோதனைக்கு எடுத்தாச்சு. அதுக்குள்ள..."

அவள் மாதா படத்தில் கை வைத்தாள்.

"மேடம்! மாதா!" கான்ஸ்டபிள் அலறினான்.

"மாதா கோவிச்சுக்க மாட்டா. ராத்திரி முழுக்க இந்த ஆளோட திருட்டுச் சரக்கைச் சுமந்தவ அவதான். வீட்டைச் சோதனை போடுவாங்க, மாதாவை யாரும் தொட மாட்டாங்கன்னு கணக்கு."

படத்தை ஆணியிலிருந்து கழற்றித் திருப்பினாள். பின்னால் மெல்லிய தாள் உறையில் அந்தத் துண்டு. அட்டையோடு வைத்தால் படம் சுவரில் படியாது, அதனால்தான் பிரித்திருக்கிறான்.

தோலியாஸின் விலங்கைக் கழற்றினார்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார்.

"இது ஒரு நிலத் தகராறு மனு. மேல ரோமப் பேரரசர் கல்லியேனஸ் பேரு. இயேசுவுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல பிந்தினவன். மனு குப்பைக்குப் போனப்புறம் காலிப் பக்கத்துல யாரோ மாற்கை எழுதியிருக்காங்க."

"அப்போ போலியா?"

"ஐயோ, அசல் மேடம்! இருநூறு வருஷம் பிந்தினதுன்னாலும் பொக்கிஷம். மேடையில நானே சொல்லியிருப்பேன்."

லியாக்கோஸ் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இருநூறு வருஷம் பிந்தின துண்டு எங்கயும் கிடக்கும். அதுக்கு எவன் என்னை மேடைக்குக் கூப்பிடுவான்?"

ஸ்தமாத்தியா அதே விலங்கை எடுத்து அவர் கைகளில் மாட்டினாள். "த்தூ! ரெண்டு மேடையில மாலை வாங்க ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தியே. கூட்டிட்டுப் போங்கடா."

கான்ஸ்டபிள்கள் இழுத்துப் போனார்கள். மாதா படம் ஸ்தமாத்தியா கையில் இருந்தது, சுவரில் வெறும் ஆணிதான். அந்த இடம் வந்ததும் லியாக்கோஸின் விலங்கு மாட்டிய கைகள் நெற்றிக்கு உயர்ந்தன. தலை குனிந்தது. வெறும் சுண்ணாம்புச் சுவரில் பச்சென்று ஒரு முத்தம் விழுந்தது.

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்படியே நின்றுவிட்டார்.

கிரியாக்கோஸ் தலையில் அடித்துக்கொண்டு ஸ்பிரிட் பாட்டிலை எடுக்கப் போனார்.