இருபதில் இருப்பவள்

கரண்ட் வந்து, கூடத்து மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றத் தொடங்கியபோது துபாயிலிருந்து கணவன் இக்பால் கூப்பிட்டான்.

"எவ்வளவு நேரந்தான் புள்ளைய தூக்கிக்கிட்டே நிப்ப? தொட்டில்ல போடேன். கை கடுத்துரும்."

சாமியா அப்போது கூடத்தில், ரூட்டருக்கு முன்னால் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். பத்து மாத அப்ரார் உள்ளறையில் சேலைத் தொட்டிலில் தூங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

"நான் எங்க தூக்கியிருக்கேன் மச்சான்? பழைய படம் நின்னு போயிருக்கும்."

"கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போறவ வீட்டுக் கேமராவே இந்த லட்சணம்" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அறந்தாங்கியில் மாலை வகுப்பு முடிந்து, மீமிசல் வரை பஸ்ஸில் நின்றே வந்த வலி கெண்டைக்காலில் இன்னும் இருந்தது. ஜன்னல் வழியே கருவாட்டு வாடையும் ஈரக்காற்றும் வந்துகொண்டிருந்தன. உள்ளறையில் தொட்டில் கொக்கி, யாரும் ஆட்டாமலே, கிரீச் கிரீச்சென்று தேய்ந்துகொண்டிருந்தது.

கரண்ட் போய் வந்தால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் ரூட்டரிடம் மறுபடி தன் எண்ணைக் கேட்கும். அந்த எண்ணில் ஏற்கெனவே யாராவது இருந்தால் வேறு எண்ணுக்கு ஒதுங்கிக்கொள்ளும். வகுப்பில் படித்ததுதான். உள்ளறைக் கேமராவுக்கு எப்போதும் இருபது. இக்பாலின் போன் இருபதைத்தான் பார்க்கும்படி அவளே அமைத்திருந்தாள்.

லேப்டாப்பில் ரூட்டரின் பட்டியலைத் திறந்தாள். இப்போது கேமரா இருபத்தொன்றில் இருந்தது.

இருபதில் வேறு ஏதோ இருந்தது.

நான்தான் எதையோ தப்பாகத் தட்டியிருப்பேன் என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். தப்பில்லை. கூடத்துப் பிளக்கிலிருந்து கேமரா ஒயரைப் பிடுங்கினாள். இருபத்தொன்று மறைந்தது. இருபது அப்படியே இருந்தது.

"இப்ப படம் தெரியுதா மச்சான்?"

"தெரியுதே. ஏன் புள்ள, இமைக்காம என்னையவே பாக்குற?"

கொக்கிச் சத்தம் நின்றது.

எழுந்தாள். போன் காதிலேயே இருந்தது. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. வாசலில் நின்றாள். தொட்டில் சேலை தட்டையாகத் தொங்கியது. பாரமே இல்லாமல்.

சளி கட்டிய அப்ராரின் மூச்சு கேட்டது. கொர், கொர். தொட்டிலிலிருந்து அல்ல. தரையிலிருந்தும் அல்ல. ஒரு ஆளின் தோள் உயரத்திலிருந்து.

"சாமியா." இக்பாலின் குரல் தணிந்தது. "திரும்பிப் பாக்காத. ஒனக்குப் பின்னால, வாசல்ல, யாரோ நிக்கிறா."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்க. மெதுவாப் போயி கதவைச் சாத்து."

கொர், கொர். கிட்டே வந்தது. மிகக் கிட்டே. அவள் முகத்துக்கு நேராகக் கதவு மெல்ல வந்து பொருந்தியது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"சாத்திட்டியா? நல்லது." இக்பால் மூச்சு விட்டான். "யாரு வந்து தட்டுனாலும் தொறக்காத."

தட்டுவதற்காகச் சாமியாவின் கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது.