ஒடீலுக்குக் கிடைத்த கொசுறு

ஒடீல் கேட்டது ஒரு காபி. பரிமாறுகிறவள் கொண்டுவந்து வைத்தது இரண்டு. பால் விட்டது ஒடீலின் முன்னால். பால் விடாதது எதிரே இருந்த காலி நாற்காலியின் முன்னால்.

"நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"இருக்கட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

ஒடீல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நியூ ஆர்லியன்ஸில் இது என்ன புதிதா? இங்கிருந்து இரண்டரை மணி நேரம் மேற்கே, லஃபாயெட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். அங்கேயும் இறால் வாங்கினால் நிறுத்துக் கொடுத்த பிறகு ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார்கள், டஜன் பன் கேட்டால் பதின்மூன்று கட்டுவார்கள். கொசுறை வேண்டாம் என்று தள்ளுவது கொடுத்தவர் முகத்தில் அடிப்பது மாதிரி. எதற்கு என்று கேட்பது அதைவிட மோசம். அதனால் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. தன் கணவன் குளோவிஸும் காபியில் பால் விட மாட்டான் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

நாளை மதியம் கப்பல். "ஓய்வு கிடைக்கட்டும், போகலாம்" என்று நாற்பது வருஷமாக அவளும் குளோவிஸும் பேசிக்கொண்டிருந்த பயணம். ஓய்வு கிடைத்தது, பிப்ரவரியில் குளோவிஸ் போய்விட்டான். பத்தொன்பது நாள் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு நகரவில்லை. பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், "போகாத ஒடீல்" என்றான். "குளிச்சுட்டு ஒரு மணி நேரத்துல ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். குளித்தாள். சோபாவில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். பாழாய்ப்போன தூக்கம் அந்த நேரம் பார்த்து வந்தது. திரும்பிப் போனபோது போர்வையை முகம்வரை இழுத்து மூடியிருந்தார்கள். "கடைசி வரைக்கும் உங்களைத்தான் கூப்பிட்டுட்டே இருந்தார்" என்றாள் நர்ஸ். அந்தப் பெண் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து ஒடீலுக்கு ஒரே ஆசைதான். அவனை ஒரு தடவை பார்க்க வேண்டும். 'நான் வந்துட்டேன்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என்ன ஆனாலும் சரி.

காலை முழுக்கச் சுற்றினாள். தேவாலயத்தின் குளிர்ந்த இருட்டு, சதுக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஓவியர்கள், ஆற்றுப்பக்கம் நீராவிப் படகிலிருந்து ஊதிக்கொண்டே இருந்த இசை, சேற்று வாடையும் எண்ணெய்ப் புகையும் நேற்றுச் சிந்திய பீரின் புளிப்புமாகக் கலந்து முகத்தில் அப்பிய காற்று என்று எல்லாமே அவன் சொன்னபடிதான் இருந்தன. எதுவும் மனசில் ஒட்டவில்லை. தெருமுனையில் மிட்டாய் விற்றவளிடம் ஒன்று வாங்கினாள். அவள் இரண்டாவது ஒன்றை எடுத்து ஒடீலின் தோளைத் தாண்டி நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒடீலின் கையிலேயே வைத்தாள்.

டிராமில் அவள் ஏறின பிறகும் ஓட்டுநர் ஒரு மூச்சு நேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தார். உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் ஒடீலின் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை. அந்தப் பக்கமிருந்துதான் வாடை வந்தது. கை கழுவும் மருந்து. அதற்கு அடியில், நாள்கணக்கில் தண்ணீர் படாத வாயின் கசப்பு. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஒரு பழைய மதுக்கடையில் ஏறி உட்கார்ந்தாள். நீண்ட பலகைக்குப் பின்னால் நின்றவள் ஐம்பதைத் தாண்டியவள். சட்டையில் வெர்லீன் என்று பெயர் குத்தியிருந்தாள். ஒடீல் சாஸராக் என்ற அந்த ஊர் விஸ்கிக் கலவை ஒன்று கேட்டாள். சோம்பு மணக்க, குளிர்ந்த கண்ணாடிக் கோப்பையில், செந்நிறமாக வந்தது. பக்கத்திலேயே இன்னொன்றும் வந்தது.

ஒடீல் சிரித்தாள். "கொசுறுக்கும் ஒரு அளவு வேணாமா? நாளைக்கு என்னைத் தூக்கிட்டுப் போய்த்தான் கப்பல்ல ஏத்தணும்."

வெர்லீன் சிரிக்கவில்லை. "சாஸராக்ல எந்தப் பைத்தியம் கண்ணு கொசுறு குடுக்கும்? முதலாளி என் தோலை உரிச்சுடுவார். இது உங்க வீட்டுக்காரருக்கு."

ஒடீல் கோப்பையைப் பலகைமேல் வைத்தாள்.

"நான் தனியாத்தான் வந்தேன்."

"ஊடலா? சரி சரி, எனக்கெதுக்கு." வெர்லீன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரி உடுப்போடயா ஒரு மனுஷனைக் கூட்டிட்டுச் சுத்துவாங்க? பாவம், உக்காரவே முடியல அவரால."

ஒடீல் மெல்ல இடப்பக்கம் திரும்பினாள். உயரமான முக்காலி. காலி. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே, வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷமும் துள்ளியது.

"என்னைப் பாக்கறாரா?"

வெர்லீன் கோப்பை துடைப்பதை நிறுத்தினாள்.

"இல்ல கண்ணு. கதவைப் பாக்கறார். வந்ததுலேர்ந்து கதவைத்தான் பாக்கறார். யாரையோ கூப்பிட்டுட்டே இருக்கார். வாய் அசையுது, சத்தம் வரல."

ஒடீல் முக்காலிமேல் கையை வைத்தாள்.

"குளோவிஸ். நான் வந்துட்டேன்."

இருக்கையின் தோலுறை குளிர்ந்திருந்தது. அதன் மர விளிம்பு குளிரவில்லை.

பிறகு விரல்கள். ஒவ்வொன்றாக. அவள் மணிக்கட்டைச் சுற்றி.

முதலில் அந்த விரல்கள்தான் தெரிந்தன. பிறகு ஊசி குத்திக் கறுத்த முழங்கை. தோள். கழுத்து. முகம். பிப்ரவரியில் பார்த்ததைவிட வற்றியிருந்தது. வெடித்த உதடுகள் திறந்தன, மூடின. திறந்தன, மூடின. அவள் பெயர்.

"இங்கதான் இருக்கேன். இதோ பாரு, குளோவிஸ். என்னைப் பாரு."

முகத்தை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். அவன் கண்கள் அவளை ஊடுருவி, பின்னாலிருந்த கதவிலேயே நின்றன.

கதவு திறந்தது. அவன் முகம் மலர்ந்தது. நாற்பது வருஷம் அவளுக்காக மட்டுமே மலர்ந்த முகம். தொப்பி போட்ட யாரோ ஒருவர் உள்ளே வந்தார். முகம் செத்தது. உதடுகள் மறுபடி ஆரம்பித்தன.

"ஐயோ, உங்க கை நீலமாகுது!" வெர்லீன் கத்தினாள். "இழுங்க! கையை இழுங்க!"

ஒடீல் இழுக்கவில்லை. இன்னொரு முறை விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது.

"வந்துட்டேன். வந்துட்டேன்யா."

எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. பிடித்திருப்பது யார் கை என்று அவனுக்குத் தெரியவில்லை. கதவு திறந்தது. அவன் முகம் மலர்ந்தது. இரண்டு பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள்.