ஒரு மரம், நாற்பது லிட்டர்

எவாரிஸ்ட் மாமா பள்ளிக்கூடத்து நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தார்.

"பிள்ளைகளே! வசந்த விருந்துக்கு என் அக்கா வீட்டு மேப்பிள் மரம் ஒண்ணே போதும். நாற்பது லிட்டர் பாகு தரும். குடத்தோட வாங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள், ஒடீலைத் தவிர. பத்து வயது ஒடீல்தான் அந்த அக்காவின் மகள்.

மாண்ட்ரியலில் இருபது வருடம் சோபா விற்றுவிட்டு மாமா அண்மையில்தான் ஊர் திரும்பியிருந்தார். "எங்க மரம் நாற்பது லிட்டர் கொடுத்துச்சு" என்று ஊரார் பேசுவது அவர் காதில் விழுந்தது. எது நாற்பது லிட்டர் என்று கேட்பது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல்.

"மாமா, நாற்பது லிட்டர் வர்றது மரத்துத் தண்ணி. காய்ச்சினா ஒரு லிட்டர் பாகுதான் மிஞ்சும். அதுவும் சீசன் முழுக்கச் சேர்த்தா!" என்றாள் ஒடீல்.

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை அவர் துளை போடும் கருவியோடு வந்தார். மரத்தில் ஏற்கெனவே ஒரு துளை, அதில் ஒரு குழாய், அடியில் ஒரு வாளி. சொட்டு, சொட்டு.

"தள்ளு குட்டி. ஒரு ஓட்டைக்கு ஒரு லிட்டர். நாற்பது ஓட்டை போட்டா நாற்பது லிட்டர்!"

ஒடீல் மரத்தைக் கட்டிக்கொண்டாள். கைகள் பாதிச் சுற்றுக்குக்கூட எட்டவில்லை.

"மரம் செத்துடும் மாமா!"

"இல்லேன்னா ஊர் முன்னாடி நான் செத்துடுவேனே! நாற்காலி மேல ஏறிச் சொல்லிட்டேன்டி..."

அந்தப் பெரிய குரல் இவ்வளவு சின்னதாகி ஒடீல் கேட்டதே இல்லை. பாவமாக இருந்தது.

"பிள்ளைங்க வாய் இனிக்கணும், அவ்வளவுதானே? கருவியை வெச்சுட்டு விறகு வெட்டுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

நான்கு வாரம் மாமா விறகு வெட்டினார். ஒடீல் தினமும் காய்ச்சினாள்.

"எல்லாம் ஆவியாப் போகுதே!" என்று மாமா பானைக்குள் எட்டிப் பார்த்துப் புலம்பினார். பிறகு மரத்தைப் பார்த்தார். சின்ன ஓட்டை ஒன்றின் வழியாக வாளி வாளியாகக் கொடுத்துவிட்டு, அது மொட்டு விட்டுக்கொண்டிருந்தது. புலம்பல் நின்றது.

விருந்தன்று பிள்ளைகள் குடங்களோடு கொல்லைக்கு வந்தார்கள். ஒடீல் கொண்டுவந்தது ஒரே ஒரு பாட்டில்.

"இவ்வளவுதானா?" என்றான் ஃபிர்மேன்.

"குடத்தைக் கீழ வைடா. குச்சியை எடு."

பாகை அவள் மறுபடி காய்ச்சினாள். கெட்டியானதும், கொட்டகை நிழலில் இன்னும் கரையாமல் கிடந்த சுத்தமான பனி மேல் மெல்லிய கோடுகளாக ஊற்றினாள். பனி பட்டதும் பாகு மிட்டாயாக இறுகியது. அதைக் குச்சியில் சுருட்டி வாயில் வைத்த ஃபிர்மேன் கண்ணை மூடிக்கொண்டான்.

இருபத்தேழு பிள்ளைகள், இருபத்தேழு கோடு. கடைசியாக ஒன்று மாமாவுக்கு.

"எவாரிஸ்ட், நாலு வார்த்தை பேசுங்களேன்" என்றார் ஆசிரியை.

மாமா முயன்றார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால் தொப்பியைக் கழற்றி, மரத்தைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார்.

அவர் செய்ததிலேயே சிறந்த சொற்பொழிவு அதுதான்.