முதல் பால் யாருக்கு?

விடிந்ததும் மாடு கன்று போட்டது. ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் முழுக்க அந்தச் செய்தி பரவுவதற்குள், கலைப்பிரியாவின் மாமா பெரியதம்பி தூக்குவாளியோடு வந்துவிட்டார்.

"மச்சான், சீம்பால் கறந்தாச்சா? வெல்லங்கூட வாங்கிக்கினு வந்துட்டேன்!"

"இரு, நஞ்சுக்கொடி விழட்டும். அதுக்கப்புறந்தான் மடியில கை வைக்கணும்" என்றார் அப்பா ஆதிநாராயணன். கன்றைத் தனியாகக் கட்டியிருந்தார். அது எழப் பார்த்துக் கால் மடங்கி விழுந்தது.

பதினொரு வயது கலைப்பிரியா மாட்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கன்னுக்குட்டி குடிக்காம ஒருத்தரும் கறக்கக் கூடாது!"

மாமா சிரித்தார். "இன்னாடி, பெரிய மாட்டு டாக்டரா நீ?"

"போன வருசம் நம்ம கன்னு பேதியாயி செத்துதே, டாக்டரு இன்னா கேட்டாரு? 'மொத பால எப்ப குடுத்தீங்க?'ன்னு கேட்டாரா இல்லியா? பொறந்த சில மணி நேரந்தான் அதோட குடலு நோய எதுக்கற சக்திய உள்ள வாங்குமாம். அப்புறம் கதவ சாத்திக்குமாம். ஒடம்பு சூடாவறதுக்கும் அந்தப் பால்தான் வேணுமாம்!"

அப்பாவின் முகம் சிவந்தது. "நஞ்சு விழறதுக்கு முன்னாடி ஊட்ட வுட்டா மாட்டுக்கு ஆவாது. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்பிடித்தான். தள்ளு!"

"மாட்டேன். அடிச்சாலும் நவுர மாட்டேன்."

சொன்னபடியே நகரவில்லை. கன்று ஒருமுறை முனகியது. அவ்வளவுதான், போய்க் கயிற்றை அவிழ்த்தாள். அப்பா கத்தக் கத்தக் கன்றை அணைத்து மடியருகே கொண்டுவந்தாள். விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். துப்பியது. மறுபடி வைத்தாள். மூன்றாவது முறை விரலைச் சப்பியது. மெல்லக் காம்பைப் பிடித்து வாயில் கொடுத்தாள்.

சளப், சளப்! வால் ஆடத் தொடங்கியது.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு மாட்டையே பார்த்தார். ஒரு மணி நேரத்தில் நஞ்சு தானாகவே விழுந்தது. மாமா வெல்லத்தைக் கடித்துத் தின்றபடி வீட்டுக்குப் போனார்.

ஒரு மாதம் போனது. கன்று கொட்டகைக்கும் கிணற்றடிக்கும் ஓடி ஓடி எல்லாரையும் பேஜாராக்கியது. ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு விருத்தாசலத்தின் மாடு கன்று போட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கலை, ஜல்தி கெளம்பு."

"நான் எதுக்குப்பா?"

"நான் எடுத்துச் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. நீ வந்து கத்து."